நிலநடுக்கோட்டு மின்தாரை: தென்னக வான்வெளியில் எலக்ட்ரான்களின் இயக்கம்

முன்னுரை

திருநெல்வேலி, கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஆகிய ஊர்களுக்கு மேலே, ஏறத்தாழ 105 கி.மீ. உயரத்தில், பகற்பொழுதில் வலிமை மிக்க மின்னோட்டம் ஒன்று கிழக்கு நோக்கிப் பாய்கின்றது. 'நிலநடுக்கோட்டு மின்தாரை' எனப்படும் இதனைத் தோற்றுவிப்பவை பெரும்பாலும் எலக்ட்ரான்களே. அயனிகளும் அதே உயரத்தில், அதே புலங்களுக்கு உட்பட்டே உள்ளன. அவ்வாறிருக்க, எலக்ட்ரான்கள் மட்டும் விரைந்து நகர்வது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

காந்த நடுக்கோடு

புவியின் காந்தப்புலம் கிடைமட்டமாக அமையும் இடங்களை இணைக்கும் கோடு காந்த நடுக்கோடு ஆகும். புவியியல் நடுக்கோட்டினின்று வேறான இக்கோடு, பெரு நாட்டின் வழியாகவும் இந்தியாவின் தென்முனையை ஒட்டியும் செல்கின்றது. பெருவின் உவான்காயோ காந்த ஆய்வகம் 1922இல் பணி தொடங்கியது. அங்குப் புலத்தின் கிடைக்கூறு நண்பகலில் பிற இடங்களைவிட மிகுதியாக உயர்வது பதிவாயிற்று. இதற்குக் காரணமான மேல்வளி மின்னோட்டத்திற்கு 1951இல் சிட்னி சாப்மன் 'மின்தாரை' எனும் பொருள்படப் பெயரிட்டார்.

சுழற்சியும் மோதலும்

காந்தப்புலத்தில் மின்னூட்டத் துகள் வட்டமாகச் சுழலும். மின்தாரையின் உயரத்தில் எலக்ட்ரான் நொடிக்குப் பத்து லட்சம் முறை சுழல்கின்றது. பல்லாயிரம் மடங்கு நிறையுடைய அயனி ஏறத்தாழ இருபது முறையே சுழல்கின்றது. அங்குள்ள காற்று மிக மெலிதெனினும் மோதல்கள் நின்றுவிடவில்லை. அடுத்தடுத்த இரு மோதல்களுக்கிடையே எலக்ட்ரான் பல சுற்றுகளை முடித்துவிடும். அயனியோ ஒரு சுற்றை முடிப்பதற்குள் பல முறை மோதிவிடும். எனவே எலக்ட்ரானின் இயக்கத்தைக் காந்தப்புலமும், அயனியின் இயக்கத்தைக் காற்றும் நெறிப்படுத்துகின்றன.

மின்தாரை உருவாகும் முறை

கதிரவனின் வெப்பத்தால் எழும் மேல்வளிக் காற்றோட்டங்கள் பகலில் கிழக்கு நோக்கிய மின்புலத்தை உண்டாக்குகின்றன. காந்தப்புலம் வடக்கு நோக்கியது. இவ்விரு புலங்களின் கூட்டு விளைவால் எலக்ட்ரான்கள் மேல்நோக்கி நகர்கின்றன. காற்றால் தடுக்கப்பட்ட அயனிகள் பின்தங்குகின்றன. மேலே எதிர்மின்னூட்டமும் கீழே நேர்மின்னூட்டமும் சேர்கின்றன. காந்தக் கோடுகள் கிடைமட்டமாக இருப்பதால், இம்மின்னூட்டங்கள் அவற்றின் வழியே வடிந்து சமன்படுவது கடினம். ஆகவே, தொடக்க மின்புலத்தைவிடப் பன்மடங்கு வலிய செங்குத்து மின்புலம் நிலைபெறுகின்றது. அது எலக்ட்ரான்களை மேற்கு நோக்கி விரையச் செய்கின்றது. எலக்ட்ரான் செல்லும் திசைக்கு எதிர்த்திசையே மின்னோட்டத்தின் திசையாகக் கொள்ளப்படுவதால், மின்தாரை கிழக்கு நோக்கியதாகின்றது.

உயரம் மாறும்போது

200 கி.மீ.க்கு மேல் மோதல்கள் அரிதாதலின், அயனிகளும் காந்தப்புலத்துக்குக் கட்டுப்படுகின்றன. அங்கு அதே கிழக்கு மின்புலம் இருவகைத் துகள்களையும் ஒருசேர மேலே உயர்த்துகின்றது. உயர்ந்தவை காந்தக் கோடுகளின் வழியே வடக்கிலும் தெற்கிலும் சரிந்து இறங்குகின்றன. நீரூற்றை ஒத்த இந்நிகழ்வால், எலக்ட்ரான் அடர்த்தி காந்த நடுக்கோட்டின் மேல் குறைந்து, இருபுறமும் ஏறத்தாழ 15 பாகை தொலைவில் மிகுகின்றது. இந்தியாவில் அம்மிகுதி அகமதாபாத்தை ஒட்டிய பகுதியில் காணப்படுகின்றது.

ஆய்வுகளும் பயனும்

காந்த நடுக்கோட்டுக்கு அண்மையில் இருந்தமையாலேயே தும்பா ராக்கெட் ஏவுதளத்திற்குரிய இடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அங்கிருந்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏவப்பட்டது. பின்னர்க் காந்தமானிகளைத் தாங்கிச் சென்ற ராக்கெட்டுகள் மின்தாரையை அதன் உயரத்திலேயே அளந்தன. திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இயங்குகின்றது. எலக்ட்ரான் அடர்த்தி மாறும்போது செயற்கைக்கோள் சமிக்ஞைகள் தாமதமடைந்து, இருப்பிடக் கணிப்பில் பிழை நேர்கின்றது. வானூர்திகளுக்கு வழிகாட்டும் ககன் அமைப்பு இப்பிழையைத் திருத்தியாக வேண்டும்.

முடிவுரை

மின்தாரையை உருவாக்குவது காந்தப்புலம் மட்டுமன்று. அயனியைத் தடுத்து எலக்ட்ரானை விட்டுவிடும் காற்றின் அடர்த்தியும் ஆகும். சில நாள்களில் கிழக்கு மின்புலம் திசைமாற, மின்தாரையும் மேற்கு நோக்கித் திரும்புவதுண்டு. ஆதலின் தென்முனையில் நாள்தோறும் பதிவாகும் காந்த அளவீடுகள், நாட்டின் மேல்வளி நிலையை அறிய இன்றியமையாதவை.