இரண்டும் பெண் சிறுத்தைகள்

அந்தமானின் ஹேவ்லாக் தீவுக் காட்டில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பூனைக் குடும்பத்துக் காட்டு விலங்கு எதுவும் அந்தமானில் இயற்கையாகக் கிடையாது. இருப்பது புள்ளிமான். வெள்ளைக்காரர்கள் வேட்டைக்கென்று கொண்டுவந்து விட்ட மான்கள், தீவு விட்டுத் தீவு நீந்தி, ஹேவ்லாக் இருக்கும் ரிச்சி தீவுக்கூட்டம் வரை பரவிவிட்டன. அடித்துத் தின்ன விலங்கு இல்லை, பெருகின. மரக்கன்றுகளை மான்கள் மேய்ந்துவிடுவதால் காட்டின் அடித்தட்டு மொட்டையாகிறது. அங்கே வாழும் ஓணான், பல்லிகள் குறைகின்றன என்று 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

1950களின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு வைத்தியம் செய்து பார்த்தார்கள். இரண்டு சிறுத்தைகளைக் கொண்டுவந்து அந்தமான் காட்டில் விட்டார்கள். இரண்டும் பெண். கதை அதோடு முடிந்தது.

இன்றைக்கென்றால் விந்தை உறையவைத்து விமானத்தில் அனுப்பியிருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். ஹைதராபாத்தில் அருகிவரும் உயிரினங்களுக்கென்றே இருக்கும் லாகோன்ஸ் ஆய்வகம், 2006இல் செயற்கைக் கருவூட்டலில் ஒரு மான்குட்டியைப் பிறக்க வைத்தது. பெயர் ஸ்பாட்டி. அந்தமான் எதைக் குறைக்க முடியாமல் தவிக்கிறதோ அதே புள்ளிமான்! அரிய மான்களிடம் போகுமுன் கை பழக, எளிதில் கிடைக்கும் இனத்தில் செய்த முயற்சி அது.

பூனைகள் அவ்வளவு சுலபத்தில் பிடிகொடுப்பதில்லை. பெரும்பாலான பூனை இனங்களில் இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டை வெளிவரும். இணை சேராமல் கருவூட்ட வேண்டுமானால் ஹார்மோன் ஊசி போட்டு முட்டையை வரவழைக்க வேண்டும்; அளவும் நேரமும் இனத்துக்கு இனம் மாறும். மயக்க மருந்து கொடுத்தால் முட்டை வெளிவருவது தடைபடலாம். உள்ளே செலுத்திய விந்தணுவும் சரியாக நகராது. அதனால் வயிற்றில் சிறு துளையிட்டு, லேப்ராஸ்கோப் வழியாகக் கருப்பைக்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். சோதனைக்குழாய்ப் புலிக்குட்டிகள் அமெரிக்காவின் ஒமாஹாவில் 1990இலேயே பிறந்துவிட்டன. சிவிங்கிப்புலிக்கு அதே வெற்றி கிடைத்தது 2020இல்தான், இரண்டே குட்டிகள்.

சிவிங்கிப்புலியின் விந்தணுக்களில் பெரும்பகுதி பிறவியிலேயே குறையுள்ளவை. காரணம் நெருங்கிய உறவுக்குள்ளேயே நடந்த இனப்பெருக்கம். குஜராத்தின் கிர் சிங்கத்துக்கும் இதே கதி: ஜூனாகத் சக்கர்பாக் விலங்குக் காட்சியகத்தில் எடுத்த மாதிரிகளில் பாதிக்கும் மேற்பட்ட விந்தணுக்கள் பழுது என்று 1987இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி சிங்கங்களில் அது ஏறக்குறைய கால்பங்குதான். காடு சுருங்கினால் கூட்டம் சுருங்குகிறது, கூட்டம் சுருங்கினால் விந்து கெடுகிறது. ஆய்வகத்துக்கு மூலப்பொருள் தருவதே காடுதான். காட்டைத் தொலைத்துவிட்டு உறைபெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும்?

உறைபெட்டி வெறும் காப்பீடுதான், காட்டுக்கு மாற்று அல்ல என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் பயம் அவர்களைப் பற்றியதல்ல. 'அணுக்கள் பத்திரமாக இருக்கின்றன' என்ற ஒரு வரி, நாளை காடழிக்கும் கோப்பு ஒன்றில் சமாதானமாக எழுதப்படும், அதற்குத்தான் பயப்படுகிறேன். தீவுகளில் இந்தப் பயம் இன்னும் கூடுகிறது. இங்கே ஒரு காடு போனால் விலங்கு ஒதுங்கப் பக்கத்துக் காடு கிடையாது, கடல்தான்.

ஐபீரிய லின்க்ஸைப் பாருங்கள். 2002இல் நூற்றுக்கும் கீழே இருந்த இந்தக் காட்டுப்பூனை, 2023 கணக்கெடுப்பில் 2000ஐத் தாண்டியது. பண்ணைகளில் பிறந்தவற்றில் மிகப்பெரும்பாலானவை இயற்கையாக இணை சேர்ந்து ஈன்ற குட்டிகள். அவற்றைத் திறந்துவிடுமுன் முயல்களைப் பெருக்கினார்கள், நிலத்துச் சொந்தக்காரர்களிடம் பேசினார்கள், சாலைக்கு அடியில் வழி விட்டார்கள். அலுப்பான வேலை, பலன் தந்த வேலை.

விந்தணு பழுதிருந்தும் நம் கிர் சிங்கத்துக்குக் குட்டி போடுவதில் குறையே இல்லை. 2025 கணக்கில் 891. அத்தனையும் ஒரே மாநிலத்தில். 2018இல் நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் நோய் கிர் காட்டுக்குள் நுழைந்து சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் கூனோவுக்கு அனுப்பச் சொல்லி 2013இலேயே தீர்ப்பு வந்தாயிற்று. இதற்கு உறைபெட்டியும் வேண்டாம், ஹார்மோன் ஊசியும் வேண்டாம். கூண்டும் லாரியும் போதும். 2022இல் அதே கூனோவுக்கு நமீபியாவிலிருந்து சிவிங்கிப்புலிகள் விமானத்தில் வந்து இறங்கின. கிர் சிங்கம் இன்னும் போகவில்லை.