குட்டைத் தக்காளிக்குக் கவ்வாத்து வேண்டாம்

தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகியவர்கள் நாம். வீட்டுத்தோட்டத்தில் தக்காளி நட்டாலும் கை சும்மா இருப்பதில்லை. பக்கத் துளிரை எல்லாம் கிள்ளிப் போட்டுவிட்டு, "ஐயா, விதை சரியில்லை, பத்துக் காய்கூட வரவில்லை" என்று நம்மிடம் குறைப்படுகிறார்கள். பல வீடுகளில் போய்ப் பார்த்தோம். குற்றம் விதையில் இல்லை, கிள்ளியதில்தான்.

தக்காளியில் இரண்டு வகை உண்டு. ஒன்று நெட்டை. கம்பு நட்டுக் கட்டினால் ஏறிக்கொண்டே போகும், மாதக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்க்கும். மற்றது குட்டை. இதில் ஒவ்வொரு கிளையும் சிறிது வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும். இந்தக் குணம் 1914இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு செடியில் தானாகத் தோன்றியது. குட்டைச் செடியின் காய் பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான். அதைக் கிள்ளினால் விளைச்சலையே கிள்ளுகிறோம். நெட்டைக்கு மட்டும் ஒன்றிரண்டு தண்டை விட்டு மற்றத் துளிரை எடுக்கலாம்.

குட்டைச் செடி குறைவாகத்தானே காய்க்கும் என்று கேட்பீர்கள். ஒரு செடிக்குக் குறைவுதான், ஆனால் நெருக்கி நடலாம். 12 அடி நீளம், 6 அடி அகலப் பாத்தியை எடுங்கள். குட்டையை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நட்டால் 32 செடி. நெட்டைக்கு 3 அடிக்கு 2 அடி விட்டால் 12 செடிதான். குட்டை கிலோ ஒன்றும் நெட்டை கிலோ இரண்டும் தந்தால் முறையே 32 கிலோ, 24 கிலோ.

குட்டை இனத்தின் பலனைத் தமிழ்நாட்டில் காணலாம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்த 'மருதம்' எனும் கோ 3 அடக்கமான செடி. 100-105 நாளில் ஹெக்டேருக்கு 40 தொன் வரை என்பது கணக்கு. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1, 135 நாளில் 30-35 தொன். ஆனால் அதன் பழம் தூரப் பயணம் தாங்கும். இது நன்றாகப் பராமரித்த வயல் கணக்கு, வாசல் பாத்தியில் அதே அளவை எதிர்பார்க்கக் கூடாது.

1977 கலவரத்துக்குப் பிறகு நமது உறவுகள் பலர் வன்னிக்குப் போனார்கள். நெடுங்கேணிப் பக்கமும் குடியேறினார்கள். அங்கிருந்து விதை வந்தால் அப்படியே போடுகிறோம். இரு இடமும் ஒன்றல்ல. நெடுங்கேணியில் இரவுச் சூடு கூடினால் பூ உதிரும். அதனால் மாரிமழை தணிந்து டிசம்பர் கடைசியில் நாற்றை நட்டு, ஜனவரி, பெப்ரவரியில் பூக்க வைப்பது நல்லது. சேர்ந்தாற்போல் காய்த்து முடியும் குட்டை இனம், பங்குனி வெயிலுக்கு முன் பலன் தந்துவிடும். மலையில் சூடு தொல்லை இல்லை, மழையும் பனியும் இலைக் கருகலைக் கொண்டுவரும். இங்கே நெருக்கம் கூடினால் காற்றோட்டம் போய் நோய் பரவும். ஒன்றரை அடிக்குக் குறைய நடாதீர்கள், இலை நனைய ஊற்றாதீர்கள்.

லயத்துக்கு முன்னால் இடம் இல்லாதவர்கள் பழைய உரப் பையில் ஒரு குட்டைச் செடி வைக்கலாம். அடியில் துளை போடுங்கள், மண்ணோடு கூட்டெரு கலவுங்கள். ஒரு நாள் காய விட்டு மறுநாள் குளமாக ஊற்றினால் காயின் அடி கறுத்து அழுகும். எல்லா விதையையும் ஒரே நாளில் போடாமல் மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டால் கறிக்குத் தொடர்ந்து கிடைக்கும்.

பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடி விழுந்தால் அது பக்டீரியா வாடல். உருளைக்கிழங்கு, கத்தரி, மிளகாய் போட்ட இடத்தில் அடுத்ததாகத் தக்காளி வேண்டாம். விவசாயத் திணைக்களத்தின் 'திலின' இனம் இந்நோயைத் தாங்கக்கூடியது.

விதை வாங்கும்போது குட்டையா நெட்டையா என்று முதலில் கேளுங்கள். கவ்வாத்துக் கத்தி தேயிலை மலையிலேயே இருக்கட்டும்.