கற்கருவி செய்வோர் கூட்டம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஒஹாயோ மாநிலத்தில் பிளின்ட் ரிட்ஜ் என்னும் நீண்ட மேட்டுநிலம் ஒன்று உள்ளது. சிவப்பு, மஞ்சள், நீலம் எனப் பல நிறச் சாயல்களையுடைய சக்கிமுக்கிக் கல் அங்கு மிகுதி. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஹோப்வெல் பண்பாட்டு மக்கள் அக்கல்லைத் தோண்டி எடுத்த குழிகள் நூற்றுக்கணக்கில் இன்றும் காணக் கிடக்கின்றன. இவ்விடத்தில் ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத் தொழிலாளர் தின விடுமுறையின்போது ஒரு கூட்டம் கூடுகிறது. வருவோர் பொழுதுபோக்காக இக்கலையைப் பயில்பவர்கள். தொடையின் மீது தடித்த தோலைப் போட்டுக்கொண்டு, கல்லைக் கல்லாலும் மான்கொம்பாலும் தட்டி, அம்புமுனையும் கத்தியும் செய்து காட்டுவர். பொதுமக்கள் சுற்றி நின்று காண்பர். விரும்பினோர் கற்றுக்கொள்ளவும் செய்வர்.

இத்தொழிலுக்கு ஆங்கிலத்தில் தனிச் சொல் உண்டு. தமிழில் ‘கல் செதுக்குதல்’ என்றால் உளியும் சிற்பியுமே நினைவுக்கு வருவார்கள். ‘கல் உடைத்தல்’ என்றாலோ சாலை ஓரத்து ஜல்லிக் குவியல்தான் தோன்றும். ஆகவே இக்கட்டுரையில் ‘சில்லெடுத்தல்’ என்றே வழங்குவோம். சில்லுகள் பெயர்த்து எடுக்கப்படும் கல்லைத் ‘தாய்க்கல்’ என்போம்.

எல்லாக் கல்லும் இதற்கு உதவாது. கண்ணாடியைப் போல எத்திசையிலும் ஒரே சீராக உடையும் கல்லே வேண்டும். சக்கிமுக்கி, எரிமலைக் கண்ணாடி, அகேட் ஆகியவை அத்தகையவை. ஜன்னல் கண்ணாடியின் மீது சிறு கல் வேகமாக வந்து மோதினால், பட்ட பக்கத்தில் சிறு துளையும் மறுபக்கத்தில் அதனினும் அகன்ற பள்ளமும் உண்டாவதை ஆசிரியர்கள் கண்டிருக்கக்கூடும். விசை கூம்பு வடிவில் பரவுவதே இதற்குக் காரணம். தாய்க்கல்லின் ஓரத்தில் தட்டும்போது அக்கூம்பின் ஒரு பகுதி மட்டும் சில்லாகப் பெயர்கிறது. தட்டப்படும் தளத்துக்கும் சில்லு பெயரும் பக்கத்துக்கும் இடையேயுள்ள கோணம் 90 பாகைக்குக் குறைவாக இருத்தல் அவசியம். கோணம் தவறினால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் கல் நொறுங்குமேயன்றிச் சில்லு வராது. புதிதாகப் பயில்வோர் பெரும்பாலும் இடறும் இடம் இதுவே. வலிமை போதவில்லை என்று எண்ணி மேலும் ஓங்கி அடிப்பர்.

முதலில் உருண்டைக் கல்லால் தட்டிப் பெரிய சில்லுகள் எடுக்கப்படும். பின்னர் கல்லைவிட மென்மையான மான்கொம்பால் தட்டினால் மெல்லிய, அகன்ற சில்லுகள் கிடைக்கும். இறுதியாக, கூரிய கொம்பு முனையை விளிம்பில் ஊன்றி அழுத்தியே சிறு சில்லுகளைப் பெயர்த்துக் கருவிக்கு உருவம் தருவர். சில வகைக் கற்களை மண்ணில் புதைத்து மெதுவாகச் சூடேற்றி, மெதுவாகவே ஆறவிட்டால், அவை முன்னினும் எளிதாகச் சில்லு விடும்.

இக்கலையைப் பொதுமக்கள் முன் செய்து காட்டும் வழக்கம் புதியதன்று. 1862-இல் லண்டன் நகரில் புவியியலாளர் சங்கக் கூட்டத்தில் எட்வர்ட் சிம்ப்சன் என்பவர் அவையோர் கண்ணெதிரே அம்புமுனைகளைச் செய்து காட்டினார். ‘பிளின்ட் ஜாக்’ என்னும் பட்டப்பெயர் கொண்ட அவர், தாம் செய்த பொருள்களைத் தொன்மையானவை என்று சேகரிப்போர்க்கும் காட்சிசாலைகளுக்கும் விற்று வந்தவர். 1911-இல் கலிபோர்னியாவில் யாஹி இனத்தின் எஞ்சிய ஒரே மனிதர் காட்டிலிருந்து வெளிவந்தார். ‘இஷி’ என்று அழைக்கப்பட்ட அவர், சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்த பல்கலைக் கழகக் காட்சிசாலையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர் முன் அம்புமுனை செய்து காட்டி வந்தார். புட்டிக் கண்ணாடியும் அவர் கையில் அழகிய அம்புமுனையாகும். 1916-இல் அவர் காசநோயால் காலமானார். அவருடைய கைமுறையை நேரில் கண்டு குறித்து வைத்தவர்கள் இருந்தமையால் அம்முறை அவரோடு மறையவில்லை.

1964-இல் பிரான்ஸ் நாட்டின் லே செய்சி என்னும் ஊரில் நடந்த கூட்டமே இக்கலையை ஆராய்ச்சித் துறையாக நிலைநிறுத்தியது எனலாம். பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா போர்தும் அமெரிக்கரான டான் கிராப்ட்ரியும் அங்கே கூடித் தத்தம் முறைகளை ஒப்பிட்டுக் கொண்டனர். கருவி எத்தகையது என்பதோடு, அது எப்படிச் செய்யப்பட்டது என்று அதன் சில்லுகளைக் கொண்டே அறிய முடியும் என்பது இத்தகைய சோதனைகளால் உறுதிப்பட்டது. எரிமலைக் கண்ணாடிச் சில்லின் கூர்மையை நன்கு அறிந்த கிராப்ட்ரி, 1975-இல் தமக்கு நடந்த அறுவை சிகிச்சைக்குத் தாமே செய்த கண்ணாடிச் சில்லுகளை உபயோகிக்கச் செய்தார்.

நம் நாட்டில் இதன் பயன் யாது? ராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30-ஆம் தேதி பல்லாவரத்தில் முதல் பழங்கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அவரும் வில்லியம் கிங்கும் கண்ட அத்திரம்பாக்கத்தில், 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அகழாய்வு செய்தனர். அங்குள்ள கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுத் தொன்மை உடையவை என்று 2011-இலும், சில்லின் வடிவை முன்கூட்டியே தீர்மானித்துத் தாய்க்கல்லைப் பக்குவப்படுத்தும் முறை அங்கு ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்தது என்று 2018-இலும் வெளியிட்டனர். இவற்றுள் பிந்திய முடிவுக்கு ஆதாரம் அழகிய கருவிகள் மட்டுமல்ல; தாய்க்கற்களும் சில்லுகளுமே. பிறர் கழிவென்று தள்ளிவிடக் கூடியவை அவை.

குஜராத்தில் காம்பே என முன்னர் வழங்கிய கம்பாத் நகரில் சில்லெடுத்தல் இன்றும் ஜீவனத் தொழிலாக நடைபெறுகிறது. நருமதைக் கரைப் பிரதேசமான ரத்தன்பூரிலிருந்து வரும் அகேட் கற்களை வெயிலில் உலர்த்தி, மட்பாண்டங்களில் இட்டுச் சூடேற்றுவர். அதனாலேயே சூதுபவளத்தின் செந்நிறம் தெளிகிறது. பின்னர் தரையில் சாய்வாக நட்ட இரும்பு முளையின் கூரில் கல்லை வைத்து, எருமைக் கொம்புத் தலையுடைய சுத்தியால் மறுபுறம் தட்டுவர். சில்லு, சுத்தி பட்ட பக்கத்தில் அல்லாமல் முளை பட்ட பக்கத்தில் பெயரும். 1954-இல் கண்டறியப்பட்ட லோத்தல் இப்பிரதேசத்தைச் சேர்ந்ததே. அங்கு ஹரப்பா காலத்து மணித் தொழிற்கூடம் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது.

ஆனால் கம்பாத் தொழிலாளர் பலர் இத்தொழிலுக்குத் தம் நுரையீரலையே விலையாகக் கொடுத்திருக்கின்றனர். மணிகளைச் சாணைச் சக்கரத்தில் தேய்க்கும்போது எழும் சிலிக்காத் தூள் மூச்சுடன் உட்சென்று சிலிக்கோசிஸ் என்னும் நோயை உண்டாக்குகிறது. சேதமுற்ற நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சிகிச்சை இல்லை. காசநோயும் எளிதில் பற்றிக்கொள்கிறது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழிற்சுகாதார நிலையம் இதனை ஆராய்ந்துள்ளது. துப்பாக்கிக்குச் சக்கிமுக்கிக் கல் செய்து வந்த இங்கிலாந்தின் பிராண்டன் ஊராரையும் இந்நோய் வாட்டியது. ஆகவே பள்ளியில் எவரேனும் செய்து காட்ட முற்பட்டால், திறந்த வெளியில், காற்று வீசும் திசை அறிந்து, கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிந்தே செய்தல் வேண்டும். மாணவர் எட்ட நின்று காண்பதே போதுமானது. அவர்கள் கையில் கல்லைக் கொடுப்பது உசிதமன்று.

இன்னோர் அபாயம் சான்றுகளைப் பற்றியது. நேற்று பெயர்ந்த சில்லும் பல்லாயிரம் ஆண்டுப் பழமையான சில்லும் ஒரே மண்ணில் கலந்துவிட்டால் பிரித்தறிதல் கடினம். பொறுப்புள்ள பயிற்சியாளர்கள் துணி விரித்து அதன் மேலேயே வேலை செய்கின்றனர். ஒவ்வொரு கருவியிலும் தம் பெயரெழுத்தையும் ஆண்டையும் வைர முனையால் கீறி வைக்கின்றனர். சில்லுகளைப் புதைக்க நேர்ந்தால் அவ்வாண்டு நாணயம் ஒன்றையும் உடன் இடுகின்றனர். தொல்பொருள் கிடைக்கும் இடத்திலிருந்து கல் எடுத்து வந்து தட்டிப் பார்ப்பது எவ்விதத்திலும் தகாது.

களப்பணியாளர் வாய்க்கால் வெட்டும் இடத்திலோ செம்மண் குழியிலோ உடைந்த கற்களைக் காண்பது சகஜம். ஆற்றில் உருண்டும் வெயிலாலும் தீயாலும் வெடித்தும் கல் தானாகவே உடையும். மனிதன் பெயர்த்த சில்லில், அடிபட்ட சிறு தளமும், அதன் கீழே உட்புறத்தில் ஒரு புடைப்பும் பெரும்பாலும் இருக்கும்; வெளிப்புறத்தில் முன்னர் பெயர்ந்த சில்லுகளின் தழும்புகள் தெரியும். சக்கிமுக்கியில் புடைப்பைச் சூழ்ந்து நீரலை போன்ற வளைவுகளும் காணலாம். அத்திரம்பாக்கத்தில் உள்ளதைப் போன்ற குவார்ட்சைட் கல்லில் அவை தெளிவாகத் தெரியா. ஒற்றைக் கல்லைக் கொண்டு முடிவு செய்யலாகாது. அருகருகே பல சில்லுகள் இவ்வடையாளங்களுடன் கிடந்தால் அவற்றைப் பொறுக்காமல், கழுவாமல், இருந்த நிலையிலேயே விட்டு, அளவுகோல் ஒன்றை அருகில் வைத்துப் புகைப்படம் எடுத்து, கிராமத்தின் பெயர், புல எண், மண்ணின் எந்த ஆழத்தில் உள்ளது என்னும் விவரங்களைக் குறித்துத் தொல்லியல் துறைக்கு எழுதுக.