படைத்தலைவரின் கடிதமும் பாசறைத் துணைவரின் எழுத்தும்: கோலார் வரலாற்று ஆவணங்களை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கல்கள்

1. முன்னுரை

கோலார் தங்கவயல் அமைந்துள்ள நிலப்பகுதியின் முற்கால வரலாற்றைத் தமிழில் எழுத முற்படுவோர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட ஆங்கிலப் படைத்துறைக் கடிதங்களை நாட வேண்டியுள்ளது. மூன்றாம் மைசூர்ப் போரில் காரன்வாலிஸ் தலைமையிலான படை 1791ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலைப்பகுதியைக் கடந்து மேட்டுநிலத்தை அடைந்தது. கோலாரைக் கைப்பற்றிய பின்னர்ப் பெங்களூரை நோக்கிச் சென்றது. பெங்களூர்க் கோட்டை 1791 மார்ச்சு 21 அன்று வீழ்ந்தது. இதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், 1781 அக்டோபர் 19 அன்று, அமெரிக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில் யார்க்டவுன் என்னுமிடத்தில் வாஷிங்டனிடமும் பிரெஞ்சுப் படையினரிடமும் தம் படையை ஒப்படைத்தவரும் இதே காரன்வாலிஸ்தான்.

இவ்விரு போர்களையும் சார்ந்த காரன்வாலிஸின் கடிதங்கள் மூன்று தொகுதிகளாக 1859இல் இலண்டனில் வெளிவந்தன. பதிப்பித்தவர் சார்லஸ் ராஸ். இவருடைய தந்தை அலெக்சாண்டர் ராஸ், அமெரிக்கப் போரில் காரன்வாலிஸின் அணுக்க அதிகாரியாக இருந்தவர். பின்னர் இந்தியாவிலும் படைத்துறைப் பதவி வகித்தவர். ஆகவே, கோலாரைப் பற்றி அறிய இத்தொகுதிகளைத் திறப்பவர், ஒரு தளபதியின் குரலோடு அவருக்கு அணுக்கமாயிருந்தவரின் எழுத்தையும் எதிர்கொள்கிறார். கடிதத்தில் ‘நான்’ என்று பேசுபவர் யார், அதனை எழுதியவர் யார், கொண்டு சென்றவர் யார் என்னும் வேறுபாடுகளை மொழிபெயர்ப்பு காக்கத் தவறினால், செயலுக்குரிய பொறுப்பு வேறொருவர்மீது ஏறிவிடும். இச்சிக்கல்களையும் அவற்றுக்குத் தமிழ் மரபில் உள்ள தீர்வுகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பதவிப் பெயர்

தளபதியின் அணுக்க அதிகாரியைக் குறிக்கும் ‘எய்ட்-டி-காம்ப்’ என்பது பிரெஞ்சுச் சொற்றொடர். ‘பாசறையின் துணை’ என்பது அதன் நேர்பொருள். ஆளுநர் மாளிகைகளில் இன்று வழங்கும் ‘ஏ.டி.சி.’ என்பது இதன் சுருக்கமே. இதனை ‘மெய்க்காப்பாளர்’ என்று பெயர்ப்பது 18ஆம் நூற்றாண்டு ஆவணங்களுக்குப் பொருந்தாது. மெய்க்காப்பாளர் தலைவரின் உடலைக் காப்பவர். இங்குக் குறிக்கப்படுபவரோ தலைவரின் ஆணையைக் களத்தில் உரிய இடத்திற்குக் கொண்டு செல்பவர், கடிதம் வரைபவர், தேவைப்படின் எதிரியுடன் அமர்ந்து உடன்பாட்டைப் பேசுபவர். ‘பாசறை’ என்னும் சங்க இலக்கியச் சொல் தமிழில் இருக்க, ‘பாசறைத் துணைவர்’ என்பது சொற்பொருளுக்கும் பணிக்கும் ஏற்ற பெயராகும்.

3. எழுதியவரும் பேசுபவரும்

எதிரணியாகிய வாஷிங்டனின் தலைமையகத்தில் இப்பணி எவ்வாறு நடந்தது என்பது தெளிவாக அறியப்பட்டுள்ளது. தலைவர் கருத்தைக் கூற, துணைவர் வரைவு எழுதுவார். தலைவர் அதனைத் திருத்துவார். தூயபடி எடுக்கப்பட்டுக் கையொப்பமிடப்படும். டென்ச் டில்மன், அலெக்சாண்டர் ஹாமில்டன் முதலியோர் இவ்வாறு எழுதியவர்கள். இக்கடிதங்களைப் படியெடுத்துத் தொகுக்கும் பணி 1781இல் ரிச்சர்டு வாரிக் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 44 தொகுதிகள் உருவாயின. ஆதலின், வாஷிங்டனின் பெயரால் வழங்கும் கடிதங்கள் பலவற்றின் வரைவுகள் அவருடைய கையெழுத்தில் இல்லை.

இந்நிலை தமிழுக்குப் புதியதன்று. சோழர் ஆவணங்களில் அரசனின் ஆணை ‘நாம்’ எனத் தன்மையில் அமையும். அதனைச் சூழ்ந்து, அரசன் ‘திருவாய்மொழிந்தருள’ என்னும் படர்க்கைச் சட்டகம் இருக்கும். ஆணையை எழுதிய ‘திருமந்திர ஓலை’, அதற்கு ஒப்பளித்த ‘திருமந்திர ஓலைநாயகம்’ ஆகிய அலுவலர்கள் தனியே சுட்டப்படுவர். சொன்னவர், எழுதியவர், ஒப்பியவர் என்னும் மூவரும் ஒரே ஆவணத்தில் பிரித்து அறியுமாறு நிற்கின்றனர். ஆங்கிலக் கடிதத்தின் அச்சுப்படியில் இப்பிரிவு பெரும்பாலும் மறைந்து கையொப்பம் மட்டுமே எஞ்சுகிறது. வரைவு எவருடையது என்று தெரியும் இடங்களில், கடிதத்தின் தலைப்பிலேயே அதனைச் சுட்டுவது மொழிபெயர்ப்பாளரின் கடமை எனலாம்.

துணைவர் தம் பெயரில் எழுதும் கடிதங்களில் மற்றொரு சிக்கல் எழுகிறது. டில்மன் 1776இல் தலைமையகத்திலிருந்து தம் தந்தைக்குக் கடிதங்கள் எழுதினார். மகன் புரட்சிப் படையில் இருக்க, தந்தையின் சார்பு பிரித்தானிய அரசின் பக்கம் இருந்தது. இத்தகைய கடிதத்தில் படையைக் குறித்து வரும் ஆங்கிலத் தன்மைப் பன்மையைத் தமிழில் ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா? ‘நாம்’ என்றால் தந்தையும் புரட்சியாளர் அணியில் சேர்ந்துவிடுகிறார். ‘நாங்கள்’ என்றால் ஒரே குடும்பத்துக்குள் போர் இட்ட கோடு வெளிப்படுகிறது. மூலம் சொல்லாது விட்டதைத் தமிழ் சொல்லியே ஆக வேண்டும். இங்கு இலக்கணத் தெரிவு வரலாற்றுத் தீர்ப்பாகவும் அமைவது நோக்கத்தக்கது.

4. கொண்டு செல்பவர்

1780 ஆகஸ்டில் கேம்டன் போரில் வென்ற காரன்வாலிஸ், அதுபற்றிய அறிக்கையை ராஸ் வழியாக இலண்டனுக்கு அனுப்பினார். கொண்டுவருபவர் படையின் நிலையையும் நாட்டின் நிலையையும் நேரில் விளக்குவார் என்னும் குறிப்பு அறிக்கையின் இறுதியில் இடம்பெற்றது. இதனை வெறும் பாராட்டாகக் கொள்ளலாகாது. எழுத்தில் வைக்க இயலாததை வாய்மொழியாகக் கூறும் உரிமையை அக்குறிப்பு அளிக்கிறது. கடிதத்தின் ஒரு பகுதி தாளிலும் மற்றொரு பகுதி ஆளிலும் சென்றது.

திருக்குறளின் ‘தூது’ அதிகாரத்திற்கு உரை கண்ட பரிமேலழகர், தூதரைத் தாமே வகுத்துக் கூறுவார், பிறர் கூறியது கூறுவார் என இருவகைப்படுத்துகிறார். ராஸ் இவ்விரு நிலைகளிலும் இயங்கியவர். கேம்டன் அறிக்கையை அளித்தபோது அவர் கூறியது கூறுபவராகவும், அதனை விளக்கியபோது வகுத்துக் கூறுபவராகவும் இருந்தார். ‘கடிதம் கொண்டுவருபவர்’ என்பதற்குத் ‘தூதஞ்சல்காரர்’ போன்ற சொல்லை ஆள்வது இரண்டாம் நிலையை அழித்துவிடும்.

5. யார்க்டவுன் உடன்பாடு

யார்க்டவுனில் 1781 அக்டோபர் 18 அன்று உடன்பாட்டின் விதிகளைப் பேச நால்வர் அமர்ந்தனர். பிரித்தானியத் தரப்பில் தாமஸ் டண்டாசும் ராசும், எதிர்த்தரப்பில் ஜான் லாரன்சும் பிரெஞ்சுப் படையின் நோவாய்யும் இருந்தனர். லாரன்சு வாஷிங்டனின் துணைவர். இரு தளபதிகளின் துணைவர்களும் எதிரெதிரே அமர்ந்து சொற்களை எடைபோட்டனர்.

இவ்வாவணத்தைக் குறிக்கும் ‘கேப்பிட்டுலேஷன்’ என்னும் சொல்லைச் ‘சரணாகதி’ என்று பெயர்ப்பது வழக்கம். தமிழில் சரணாகதி என்பது வைணவ மரபின் சாயல் கொண்டது. நிபந்தனையற்ற அடைக்கலத்தைக் குறிப்பது. இலத்தீன் மூலமோ ‘தலைப்பு, தலைப்பாக வகுத்தல்’ என்னும் பொருளுடையது. யார்க்டவுன் ஆவணம் 14 விதிகளாக வகுக்கப்பட்டதாகும். எனவே ‘விதிவழி ஒப்படைப்பு’ என்பதே பொருந்தும்.

அவ்விதிகளில் மூன்று மொழிபெயர்ப்பாளரின் தனிக்கவனத்திற்குரியவை. பிரித்தானியருடன் சேர்ந்த உள்நாட்டவர் தண்டிக்கப்படலாகாது என்னும் 10ஆம் விதியை வாஷிங்டன் ஏற்கவில்லை. ஆனால் 8ஆம் விதி, ‘பொனெட்டா’ என்னும் கப்பல் ஒரு பாசறைத் துணைவரையும் கடிதங்களையும் தளபதி தெரிவு செய்யும் வீரர்களையும் ஏற்றிச் சோதனையின்றி நியூயார்க் செல்ல இடமளித்தது. 10ஆம் விதியால் காப்புப் பெறாதோர் தப்பிச் செல்ல 8ஆம் விதி வழிவிட்டது. இதில் துணைவரை ‘மெய்க்காப்பாளர்’ என்றும், ‘சோதனையின்றி’ என்பதனைத் ‘தடையின்றி’ என்றும் பெயர்த்தால் விதியின் உட்பொருள் புலப்படாது.

4ஆம் விதி, ஒப்படைக்கப்படும் படையினரிடமுள்ள உள்நாட்டு மக்களின் ‘உடைமைகள்’ மீட்டுக்கொள்ளப்படலாம் என்கிறது. விடுதலை நாடிப் பிரித்தானியப் படையிடம் வந்த அடிமைகளும் அச்சொல்லுள் அடங்கினர். தமிழில் ‘பொருள்கள்’ என்று எழுதினால் படிப்போர் பெட்டிகளையும் குதிரைகளையும் மட்டுமே எண்ணுவர். மூலச்சொல்லை மாற்றாது ‘உடைமைகள்’ என்றே பெயர்த்து, அது யாரை உள்ளடக்கியது என்பதை அடிக்குறிப்பில் விளக்குவதே நேர்மையான முறை. மூலத்தின் மௌனத்தையும் காக்க வேண்டும். அம்மௌனத்துள் மறைந்த மனிதரையும் காட்ட வேண்டும்.

6. பரோல், வக்கீல்

கடன்சொற்கள் வேறொரு வகையில் ஏமாற்றுகின்றன. யார்க்டவுனுக்குப் பின்னர்க் காரன்வாலிஸ் ‘பரோல்’ நிலையில் நாடு திரும்பினார். இன்றைய தமிழில் இச்சொல் சிறைவாசிக்கு அளிக்கப்படும் தற்காலிக விடுப்பைக் குறிக்கும். பிரெஞ்சில் இது ‘சொல்’ எனப் பொருள்படும். முறையாக விடுவிக்கப்படும்வரை மீண்டும் போரிடுவதில்லை என்று கைதி அளிக்கும் வாக்கை இது சுட்டியது. இவ்வாக்கிலிருந்து காரன்வாலிஸை விடுவிக்கும் முயற்சியில் 1782இல் ராஸ் பாரிசுக்குச் சென்றார். அங்கிருந்த பெஞ்சமின் பிராங்கிளின், அமெரிக்கப் பேராயத்தின் இசைவுக்கு உட்பட்டு விடுவிப்பை அளித்தார். ஈடாகக் கருதப்பட்டவர் இலண்டன் கோபுரச் சிறையில் இருந்து விடுபட்ட ஹென்றி லாரன்சு. யார்க்டவுனில் ராசுடன் பேசிய ஜான் லாரன்சின் தந்தை. ‘வாக்குறுதிக் கைதி’ என்னும் தொடரே இச்செய்தியின் உயிரைக் காக்கும்.

மைசூர்ப் போரின் ஆவணங்களில் வரும் ‘வக்கீல்’ என்பதும் இத்தகையதே. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்பாட்டைப் பேசத் திப்பு சுல்தானின் சார்பில் குலாம் அலி கானும் அலி ரசா கானும் வந்தனர். ஆவணங்கள் இவர்களை வக்கீல்கள் என்கின்றன. வழக்கறிஞர்கள் அல்லர், அரசத் தூதர்கள். இவர்களுடன் பேசிய ஜான் கென்னவே முன்னர்க் காரன்வாலிஸின் பாசறைத் துணைவராக இருந்தவர். யார்க்டவுனில் ராஸ் அமர்ந்த இடத்தில் இங்குக் கென்னவே அமர்ந்தார். ஆனால் தோற்றவர் பக்கம் மாறியிருந்தது. திப்பு தம் ஆட்சிப்பகுதியில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். 3 கோடியே 30 இலட்சம் ரூபாய் செலுத்த உடன்பட்டார். புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பினார். கோலார் அவர் ஆட்சியிலேயே 1799 வரை நீடித்தது.

7. போருக்குப் பின்

போர் முடிந்ததும் துணைவரின் இலக்கணநிலை மாறுகிறது. பால்டிமோரில் வணிகரான டில்மனுக்கு வாஷிங்டன் 1784இல் எழுதிய கடிதத்தில், தம் வீட்டுப் பணிக்குத் தச்சரும் கொத்தரும் வேண்டும் என்றும், தொழிலில் வல்லவராயின் அவர்களுடைய நாடும் சமயமும் பொருட்டல்ல என்றும் தெரிவித்தார். தலைவரின் ‘நான்’ என்பதை எழுதியவர் இப்போது தலைவரால் ‘நீங்கள்’ என்று விளிக்கப்படுகிறார்.

காரன்வாலிஸ் ராசுக்கு எழுதிய கடிதங்களும் இவ்வாறே அரசு அறிக்கைகளில் காணாத மனத்தைக் காட்டுகின்றன. 1786 பிப்ரவரியில், இந்தியப் பதவியைத் தம் விருப்பத்திற்கு மாறாக, மனவருத்தத்துடன் ஏற்க நேர்ந்ததை அவர் ராசுக்கே எழுதினார். ‘ஒப்புக்கொண்டேன்’ என்று பெயர்த்தால் துணிவு தோன்றும். ‘இசைய வேண்டியதாயிற்று’ என்னும் தமிழ்த்தொடர் செயலின் சுமையை வினைமுதலிடமிருந்து சற்றே விலக்குகிறது. அதுவே மூலத்தின் மனநிலை. ஐந்தாண்டுகளுக்குப் பின் கோலார் வழியாகப் படை நடத்தியவர் இவ்வாறு வேண்டாமல் வந்தவர் என்பது, ஒரு துணைவரின் குடும்பம் கடிதங்களைப் பேணியதால் தெரியவருகிறது.

8. முடிவுரை

காரன்வாலிஸ் 1805இல் இறக்கும்வரை 33ஆம் படைப்பிரிவின் கர்னலாக இருந்தார். அப்பிரிவைச் சேர்ந்த ஜான் வாரன் என்னும் லெப்டினன்டு 1802இல் மைசூர் அரசின் கிழக்கெல்லையை அளந்தபோது, மாரிக்குப்பம், உரிகம் பகுதிகளில் பொன் கிடைப்பது பற்றிக் கேள்வியுற்றார். ஊர்மக்கள் மண்ணைக் கழுவிப் பொன்துகளைப் பிரித்துக் காட்டினர். அச்செய்தி வாரனின் பெயரால் ஆங்கிலத்தில் பதிவாயிற்று. 1870களில் மைக்கேல் லாவெல் சுரங்க உரிமை கோரியதற்கு இத்தகைய பழைய பதிவுகளே தூண்டுதலாயின. மண்ணைக் கழுவியவர்களின் அறிவு ஓர் அதிகாரியின் ‘நான்’ என்பதற்குள் அடங்கிவிட்டது.

ஆகவே, சொன்னவர், எழுதியவர், கொண்டு சென்றவர், கையொப்பமிட்டவர் என நால்வரையும் பிரித்தறிதல் தளபதிகளின் கடிதங்களுக்கு மட்டும் உரிய நெறியன்று. கோலார் பற்றிய எந்த ஆவணத்தையும் தமிழாக்குவோர் முதலில் கேட்க வேண்டிய வினா, ‘இது யாருடைய சொல்?’ என்பதே. சோழர் காலத்து ஓலை எழுதியவர் இவ்வினாவுக்கு ஆவணத்திலேயே விடையளித்துச் சென்றார். இன்றைய மொழிபெயர்ப்பாளர் தம் தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் அவ்விடையை அளித்தல் வேண்டும்.