“இலைதானே மாப்ளே” என்று இழுத்தால் கம்பி எண்ணணும்!

கோவை,
பீளமேடு, சரவணம்பட்டி, குனியமுத்தூர் பகுதிகளில் வெளியூர் மாணவர்கள் கூட்டாக ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். கஞ்சா வேட்டைக்காக இப்படிப்பட்ட ரூம்களில் போலீசார் பலமுறை அதிரடி சோதனை போட்டதுண்டு.

“பீர்தானே மாப்ளே, காலையில தெளிஞ்சிரும்.” “இலைதானே, ஒண்ணும் பண்ணாது.” மாணவர்கள் சிலர் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. இரண்டுமே தப்புக்கணக்கு!

போதை தெளியலாம், வழக்கு தெளியாது

குடித்துவிட்டு பைக் ஓட்டி பிடிபட்டால், முதல் தடவையே 6 மாதம் வரை ஜெயில் அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம். இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

கஞ்சாவுக்கு 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இருக்கிறது. இழுத்தாலே 6 மாதம் வரை, சின்னப் பொட்டலம் வைத்திருந்தால் 1 வருஷம் வரை உள்ளே தள்ளலாம். 10 ஆயிரம் வரை அபராதமும் உண்டு. நாளைக்கு பாஸ்போர்ட்டுக்கு விசாரணை வரும்போது அந்த வழக்கு குறுக்கே நிற்கும்.

உடம்பும் சும்மா விடாது. மூளை வளர்ச்சி சுமார் 25 வயது வரை நடக்கிறது. அதற்குள் கஞ்சா பழகினால் ஞாபகசக்தி மங்கும். சிலருக்கு மனநோயே வந்துவிடும்.

தப்பிக்க வழி

அதே சட்டத்தின் 64-ஏ பிரிவு பலருக்குத் தெரியாது. கஞ்சாவுக்கு அடிமையானவர் தானாக முன்வந்து, அரசு அங்கீகார மையத்தில் சிகிச்சையை முழுசாக முடித்தால், மேலே சொன்ன கஞ்சா குற்றங்களில் தண்டனை நடவடிக்கை கிடையாது. போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

மானம் போகுமென்று பையனை மறைத்து வைக்கும் பெற்றோரே, போலீஸ் கதவைத் தட்டும் முன்னே டாக்டர் கதவை நீங்கள் தட்டுங்கள்!