ஹட்சன்ஸ் சரிந்த மாலை

1998 அக்டோபர் 24, சனிக்கிழமை மாலை. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகர மையத்தில் ஆயிரக்கணக்கானோர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். வுட்வர்ட் அவென்யூவில் நின்ற ஹட்சன்ஸ் பல்பொருள் அங்காடியை அன்று தகர்க்கப் போகிறார்கள். உயரம் 439 அடி. இவ்வளவு உயரமான கட்டடத்தை அதற்கு முன் யாரும் வெடிவைத்துச் சாய்த்ததில்லை.

கூட்டத்தில் பலருக்கு அது வேடிக்கை மட்டுமல்ல. பள்ளி திறக்கும்போது புதுச்சட்டை, கல்யாணத்துக்குப் பாத்திரம், கிறிஸ்துமஸுக்குப் பொம்மை எல்லாம் வாங்கிய இடம் அது. கார்த் தொழிலால் செழித்த நகரத்தின் மக்கள் மெல்லப் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்கள். 1954இல் ஹட்சன்ஸ் நிறுவனமே புறநகரில் நார்த்லேண்ட் வணிக வளாகத்தைத் திறந்தது. நகர மையத்துக் கடையில் கூட்டம் குறைந்துகொண்டே வந்து, 1983 ஜனவரியில் கதவு மூடப்பட்டது.

வெடிவைத்துத் தகர்ப்பது என்றதும் கட்டடத்தையே வெடியால் பொடியாக்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வெடிக்கு வேலை கொஞ்சம்தான். பாரம் தாங்கும் தூண்களை வரிசைப்படி, சிறு இடைவெளி விட்டுவிட்டு அது வெட்டிவிடும். எந்தத் தூண் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டடம் சாயும். மீதியைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். அதனால்தான் வாரக்கணக்கான தயாரிப்பு தேவைப்படுகிறது. ஹட்சன்ஸ் 1911 முதல் 1946 வரை பகுதி பகுதியாக வளர்ந்தது. பழையதும் புதியதும் சேரும் இடங்களில் இரட்டைத் தூண்கள். உள்ளே செங்கல் சுவர்கள். இத்தனை இறுக்கமான எஃகுக் கூட்டை, தகர்ப்புத் தொழிலில் பேர்பெற்ற லோய்சோ குடும்பத்தின் நிறுவனம் 2,728 பவுண்டு வெடிபொருளால், அதாவது ஏறத்தாழ 1,240 கிலோவால், சில நொடிகளில் வீழ்த்தியது.

பார்த்தவர்கள் மீது உடனே வந்து கவிந்தது புழுதி. இதை வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்: காங்கிரீட், செங்கல், சுண்ணாம்பு எல்லாம் பொடியாகித் தெருத்தெருவாக உருண்டு வரும். மூக்கை மூடாமல் அங்கே நிற்பது நுரையீரலுக்குக் கேடு. மிக அருகில் ஓடிய உயர்மட்ட ரயில் பாதையும் அன்று சேதமடைந்தது.

சென்னைக்காரர்களுக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. 2014இல் மவுலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த அடுக்குமாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள். அதன் பக்கத்தில் நின்ற 11 மாடிக் கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தபோதும் மக்கள் திரண்டு வந்தார்கள். ஆனால் அங்கே போனது பயம். டெட்ராய்ட்டில் போனது மூன்று தலைமுறையின் நினைவு.

அந்த இடத்தில் அடுத்து என்ன எழும் என்பது முடிவாகாமலே ஹட்சன்ஸை இடித்தது, கடை மூடியதைவிடப் பெரிய இழப்பு. தரைக்கு அடியில் கார் நிறுத்துமிடம் வந்தது. மேலே மனை வெறுமையாகவே கிடந்தது. புதிய கோபுரத்துக்கான வேலை தொடங்கியது 2017 டிசம்பரில்தான்.