களத்து ஆசான்கள் – 9: எடி ராபின்சன், கிராம்ப்ளிங்

சென்ற வாரம் பார்த்த அலபாமாவின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் பேர் பிரையன்ட், 323 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். அதிக வெற்றிகள் என்ற அந்தச் சாதனை கைமாறியது 1985 அக்டோபர் 5 அன்று. டல்லாஸ் நகரின் காட்டன் பவுல் மைதானத்தில் பிரெய்ரி வியூ அணியை 27-7 என்று கிராம்ப்ளிங் ஸ்டேட் வீழ்த்தியது. அதன் பயிற்சியாளர் எடி ராபின்சனுக்கு அது 324-வது வெற்றி. இருவருமே தென்மாநிலங்களின் ஏழை விவசாயக் குடும்பங்களில் பிறந்தவர்கள். ஆனால், பிரையன்ட்டின் அணிக்காகக் கறுப்பின இளைஞர் ஒருவர் ஆட 1971 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராபின்சனோ 1941 முதலே அந்த இளைஞர்களை வைத்து அணி கட்டியவர்.

லூசியானாவின் ஜாக்சன் என்ற சிற்றூரில் 1919-ல் பிறந்தார். அப்பா வாரத்துக்குப் பயிர் செய்தவர், அம்மா வீட்டு வேலைக்குப் போனவர். வளர்ந்தது பேட்டன் ரூஜில். அந்த ஊரிலேயே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகம் இருந்தது. நிறப் பாகுபாட்டுச் சட்டங்களின் காலம் அது. அந்த வாசல் அவருக்குத் திறக்காது. பக்கத்து ஊரிலிருந்த லீலண்ட் என்ற சிறு கறுப்பினக் கல்லூரியில் படித்தார். அந்தக் கல்லூரி அணியின் குவார்ட்டர்பேக்கும் அவர்தான். பட்டம் வாங்கிய கையோடு கிடைத்த வேலை, மாட்டுத்தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலி.

பிறகுதான் வட லூசியானாவின் பைன் காடுகளுக்கு நடுவே இருந்த சின்னஞ்சிறு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து பயிற்சியாளர் வேலைக்கு அழைப்பு வந்தது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். அந்தக் கல்லூரிதான் பின்னாளில் கிராம்ப்ளிங் ஸ்டேட் பல்கலைக்கழகம் ஆனது.

முதல் ஆண்டு மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. அடுத்த ஆண்டு ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. அந்த ஒன்பதிலும் எதிரணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை.

இந்தக் கணக்குக்குப் பின்னால் இருந்த உழைப்பு சாதாரணமானதல்ல. மைதானத்துப் புல்லை அவரே வெட்டினார். சுண்ணாம்புக் கோட்டை அவரே போட்டார். வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் வழியில் கறுப்பினத்தவரை உள்ளே விடாத உணவகங்களே அதிகம் என்பதால், பையன்களுக்கு சாண்ட்விச் செய்து கையோடு எடுத்துப்போனார். போர்க் காலத்தில் கல்லூரி அணி கலைந்திருந்தபோது ஊர் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சி தந்தார். பருத்தி எடுக்க ஆள் வேண்டும் என்று அங்கே ஒரு தகப்பனார் தன் மகன்களை அணியிலிருந்து நிறுத்திவிட்டார். ராபின்சன் வாதாடவில்லை. மொத்த அணியையும் அந்தக் காட்டுக்குக் கூட்டிப்போய்ப் பருத்தி எடுத்துக் கொடுத்தார். பையன்கள் ஆட வந்துவிட்டார்கள். விடுதியில் காலையில் மணியடித்து எழுப்புவதும், வகுப்புக்கும் தேவாலயத்துக்கும் விரட்டுவதும் அவர் கடைசிவரை விடாத பழக்கங்கள்.

1949-ல் அவருடைய மாணவர் 'டேங்க்' யங்கர், லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லுக்குப் போன முதல் ஆட்டக்காரர் அவர்தான். நீ தோற்றுத் திரும்பினால் உன் பின்னால் வருகிறவர்களுக்குக் கதவு சாத்தப்படும் என்ற பொருளில் ராபின்சன் சொல்லி அனுப்பினார். யங்கர் தோற்கவில்லை. கிராம்ப்ளிங்கிலிருந்து 200-க்கும் மேற்பட்டோர் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள்.

ஆனாலும் ஓர் இடம் மட்டும் பூட்டியே கிடந்தது: குவார்ட்டர்பேக். ஆட்டத்தின் உத்தியை நடத்துகிறவர், பந்தை யாருக்கு எப்போது எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர். கறுப்பினத்தவருக்கு அதற்கான மூளையில்லை என்ற அவதூறு தொழில்முறை அணிகளில் வேரோடியிருந்தது. கல்லூரியில் அந்த இடத்தில் மின்னியவர்களைக்கூட ஓடுவதற்கும் தடுப்பதற்கும் மாற்றிவிட்டார்கள். ராபின்சன் செய்ததிலேயே பெரிய காரியம் இங்கேதான் இருக்கிறது. ஓய்வுபெறும்வரை அவர் சேர்த்த 408 வெற்றிகளைவிட இதைத்தான் நான் மேலாக வைப்பேன்.

மன்ரோ நகரத்துப் பையன் ஜேம்ஸ் ஹாரிஸை, என்.எஃப்.எல். பாணி ஆட்டத்துக்கென்றே நான்கு ஆண்டுகள் தயார்செய்தார். வேறு இடத்துக்கு மாறச் சொன்னாலும் மாறாதே என்பது கட்டளை. அந்தப் பிடிவாதத்துக்கு விலையும் இருந்தது: தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் 1969 டிராஃப்ட்டில் ஹாரிஸை எடுக்க எட்டாவது சுற்றுவரை எவரும் முன்வரவில்லை. எடுத்தது பஃபலோ பில்ஸ். அந்த ஆண்டே பருவத்தின் முதல் ஆட்டத்தில் அவர் குவார்ட்டர்பேக்காக இறங்கினார். நவீன கால ஃபுட்பாலில் அப்படித் தொடங்கிய முதல் கறுப்பினத்தவர்.

ஹாரிஸுக்குப் பின் டக் வில்லியம்ஸ். 1978-ல் முதல் சுற்றிலேயே டாம்பா பே அவரை எடுத்தது. பத்தாண்டு கழித்து, 1988 ஜனவரி 31. சான் டியேகோவில் என்.எஃப்.எல். இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். அப்போது வில்லியம்ஸ் ஆடிய வாஷிங்டன் அணி முதல் கால் பகுதியில் 0-10 என்று பின்தங்கியது. இரண்டாம் கால் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன் எறிதல்கள், அணிக்கு 35 புள்ளிகள். முடிவு 42-10. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பின குவார்ட்டர்பேக்கும், அன்றைய ஆட்ட நாயகனும் கிராம்ப்ளிங் மாணவர்தான்.

ராபின்சன் 1997-ல் ஓய்வுபெற்றார். 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை. கடைசி ஆண்டுகளில் அல்ஸைமர் நோய் அவரைப் பீடித்தது. 2007 ஏப்ரலில் காலமானார். அவர் விட்ட பொறுப்பை 1998-ல் ஏற்றவர் டக் வில்லியம்ஸ். 2000 தொடங்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கிராம்ப்ளிங்கைத் தன் லீக்கின் சாம்பியனாக்கினார்.

(தொடரும்)